மாசமா இருக்கும்போது ஒண்ணா இருக்கலாமுங்களா?

ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு மகப்பேறு மருத்துவரின் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு வந்த பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் மாமியாரோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார். சத்து மாத்திரை, அடுத்த ஸ்கேன் தேதி, கால் வீக்கம், பப்பாளி எல்லாம் பேசி முடிந்த பிறகு, “வேற ஏதாவது சந்தேகம் இருக்கா அம்மணி?” என்று டாக்டர் கேட்பார். “இல்லீங்க” என்று பதில் வரும். கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கும், ஆனால் மாமியார் முன்னால் அதை எப்படிக் கேட்பது? கணவன் வெளியே மருந்துக்கடை வரிசையில் நிற்பான். அவனுக்கும் அதே சந்தேகம்தான். கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் செல்போனில் தேடிப் பார்த்து, பயந்துபோய், பேசாமல் படுத்துக்கொள்வார்கள்.

அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் சிக்கல் எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தால், மருத்துவர் காரணம் சொல்லித் தடுக்காத வரைக்கும், கர்ப்ப காலத்தில் உடலுறவு கொள்வதால் தாய்க்கும் ஆபத்தில்லை, குழந்தைக்கும் ஆபத்தில்லை. பிரசவ வலி வருகிற வரைக்குமே இது பொருந்தும். சிலருக்கு மட்டும் உறுதியாகக் கூடாது. அவர்கள் யார், ஏன் என்பதைப் பின்னால் விளக்கமாகப் பார்ப்போம்.

குழந்தைக்கு அடிபடுமா?

பெரும்பாலான கணவன்மார்களின் முதல் பயம் இதுதான். உடலுறவின்போது ஆணுறுப்பு பெண்ணுறுப்பின் பாதைக்குள் மட்டும்தான் போகிறது. அந்தப் பாதையின் முடிவில் கருப்பை வாய் இருக்கிறது. மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு அது இறுக மூடியிருக்கும். நடுவில் கெட்டியான சளி அடைத்துக்கொண்டு, கிருமிகள் மேலே ஏறாமல் தடுக்கும். அதைத் தாண்டித்தான் கருப்பை. கருப்பையின் தடித்த தசைச்சுவருக்குள் பனிக்குடம், பனிக்குட நீருக்குள் குழந்தை. ஏழெட்டு மாதம் ஆகும்போது அந்த நீர் மட்டும் 800 மில்லிக்குப் பக்கமாக இருக்கும். ஆணுறுப்பு குழந்தையைத் தொடுவதற்கு வழியே கிடையாது.

உறவின்போதோ முடிந்த பிறகோ குழந்தை துள்ளுவது போல இருக்கலாம், அல்லது கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கலாம். அம்மாவின் இதயம் வேகமாகத் துடிக்கிறது, கருப்பை லேசாக இறுகித் தளர்கிறது, அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. இதை நினைத்துக் கூச்சப்படுகிற அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தக் கூச்சத்துக்குத் தேவையே இல்லை.

அடுத்த பயம் கருச்சிதைவு. கர்ப்பம் என்று உறுதியானவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அது கலைந்துபோகிறது. அதில் பெரும்பகுதி முதல் 12 வாரங்களுக்குள் நடப்பது. பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் குறைபாட்டால் வருவது, அதாவது கரு உண்டானபோதே அமைந்துவிட்டது. முந்தின இரவு கணவனோடு சேர்ந்ததாலோ, பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்தியூர் சந்தைக்குப் போனதாலோ அது வருவதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரு கலைந்த பெண்ணிடம் “அடங்கி இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா” என்று கேட்கிற உறவினர்கள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. அந்த ஒரு சொல்லை வருஷக்கணக்கில் மனசில் சுமக்கிற பெண்களும் உண்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு மருத்துவத்தில் இடமில்லை.

உறவுக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் சாதாரணமாக நடக்கும். ஒன்று, வயிறு கல் மாதிரி இறுகிச் சில நிமிடங்களில் தளர்வது. உச்சம் அடையும்போதும் மார்பைத் தொடும்போதும் சுரக்கிற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனும், விந்தில் இருக்கிற புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளும் கருப்பையைக் கொஞ்சம் இறுகச் செய்யும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் இது முன்கூட்டியே பிரசவ வலியைக் கொண்டுவருவதில்லை. படுத்து ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். இன்னொன்று, துடைக்கும்போது துணியில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு தீற்றல். கர்ப்பத்தில் கருப்பை வாய்க்கு ரத்த ஓட்டம் கூடிவிடுவதால், லேசாக உரசினாலே கொஞ்சம் கசியும். பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனாலும் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நஞ்சு (குழந்தைக்கு உணவும் ஆக்ஸிஜனும் கொடுக்கிற உறுப்பு, பிளசென்டா) எங்கே இருக்கிறது என்று அவர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மாதம் போகப் போக

முதல் மூன்று மாதம் பல பெண்களுக்கு மசக்கையே போதும் போதும் என்றாகிவிடும். தாளிக்கிற வாசனைக்கே குமட்டும்போது, பக்கத்தில் யாராவது வந்தாலே எரிச்சலாக இருக்கும். மார்பு தொட்டாலே வலிக்கும், தூக்கம் தூக்கமாக வரும். ஆசை குறைவது உடம்பின் வேலை, கணவன் மேல் வெறுப்பு என்று அவன் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான்காம் மாதத்துக்கு மேல் வாந்தி அடங்கும், சோறு இறங்கும். இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் சிலருக்கு முன்னைவிட ஆசை அதிகமாகவே வரும். ‘வயித்துல புள்ளைய வெச்சுட்டு இப்படித் தோணுதே’ என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்மோனும் ரத்த ஓட்டமும் செய்கிற வேலை அது. தோன்றினாலும் சரி, கடைசி வரைக்கும் தோன்றாவிட்டாலும் சரி, இரண்டுமே இயல்புதான்.

ஐந்தாம் மாதத்துக்கு மேல் வயிறு தெரிய ஆரம்பித்ததும் எப்படிப் படுப்பது என்பதில் கவனம் வேண்டும். மல்லாந்து நெடுநேரம் படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிப் போகிற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறையும். தலை சுற்றும், வியர்க்கும், கண் இருட்டும். அப்படி வந்தால் உடனே இடது பக்கம் திரும்பிப் படுத்தால் சரியாகும். ஆகவே வயிற்றில் பாரம் விழாத நிலைகளே நல்லது. இருவரும் ஒருக்களித்துப் படுத்து கணவன் பின்னாலிருந்து அணைத்துக்கொள்வது, மனைவி மேலே இருந்து வேகத்தையும் ஆழத்தையும் தானே பார்த்துக்கொள்வது, கட்டில் ஓரமாக மனைவி சாய்ந்துகொள்வது. இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் வசதி. கூடுதல் தலையணை இல்லாவிட்டால் பவானி ஜமக்காளத்தை மடித்து வைத்தாலும் போதும். எந்த நிலையாக இருந்தாலும் வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

கடைசி மாதத்தில் சேர்ந்தால் சீக்கிரம் வலி வந்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சிலர் அதற்காகவே முயற்சி செய்கிறார்கள், சிலர் அதற்குப் பயந்து விலகுகிறார்கள். சேர்வதால் பிரசவம் முன்னால் வருகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. விருப்பம் இருந்தால் சேரலாம், வலி வரவழைக்கும் வைத்தியமாக நினைக்க வேண்டாம்.

வாயால் செய்யும் உறவிலும் தவறில்லை. ஆனால் பெண்ணுறுப்புக்குள் காற்றை ஊதவே கூடாது. அபூர்வமாக அந்தக் காற்று ரத்தக்குழாய்க்குள் புகுந்து தாயின் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்தாகிவிடும். ஆசனவாயைத் தொட்ட உறுப்போ விரலோ கழுவாமல் முன்பக்கம் வரக் கூடாது, கிருமி பரவும்.

யாருக்குக் கூடாது, ஏன் கூடாது

முதலாவது, நஞ்சு கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருக்கிறவர்களுக்கு. நஞ்சு வழக்கமாகக் கருப்பையின் மேல்பகுதியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும். சிலருக்கு அது வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் உரசல் பட்டால் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டலாம். அதனால் இவர்கள் பெண்ணுறுப்புக்குள் எதையும் செலுத்துகிற உறவை அறவே தவிர்க்க வேண்டும்.

இதில் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நஞ்சு கீழே இருக்கிறது’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பிரசவம் வரைக்கும் நடக்கவே பயப்படுவார்கள். கருப்பை வளர வளர நஞ்சும் கருப்பை வாயிலிருந்து விலகி மேலே போகும். அப்போது கீழே இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்கு முன் விலகிவிடுகிறது. முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தவர்களுக்கு அப்படி விலகும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. எட்டாம் மாதவாக்கில் மறுபடி ஸ்கேன் செய்து, விலகிவிட்டது என்று டாக்டர் சொன்னால் தடையும் விலகிவிடும். சொல்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அடுத்து, கருப்பை வாய் பலவீனமானவர்கள். முன்பு நான்கு, ஐந்து மாதத்தில் வலியில்லாமல் கரு வெளியேறியவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டிருப்பவர்கள், ஸ்கேனில் வாயின் நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே வந்திருப்பவர்கள் இதில் வருவார்கள். இந்தக் கர்ப்பத்தில் 37 வாரத்துக்கு முன்பே வலி வந்து மருந்தால் நிறுத்தப்பட்டவர்களும் இவர்களைப் போலத்தான். பனிக்குடம் உடைந்து நீர் கசிகிறவர்களுக்குக் கிருமி நேராக உள்ளே போகும் வழி திறந்துவிட்டது, ஆகவே கூடவே கூடாது. காரணம் தெரியாமல் ரத்தம் போகிறவர்கள் காரணம் தெரிகிற வரைக்கும் விலகியிருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதுதான். செயற்கைக் கருத்தரிப்பில் கரு உண்டானவர்களுக்குச் சிகிச்சை மையங்கள் முதல் சில வாரங்கள் விலகியிருக்கச் சொல்வது வழக்கம். கோவை, ஈரோடு பக்கம் இப்போது இந்த மையங்கள் நிறைய வந்துவிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். எத்தனை வாரம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் ‘கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எனக்கு என்ன காரணத்துக்காகக் கூடாது, எது எது கூடாது, எப்போது வரைக்கும் கூடாது என்று கேளுங்கள். நடுக் கேள்வி முக்கியம். நஞ்சு கீழே இருக்கிற பெண்ணுக்கு உள்ளே செலுத்துவதுதான் பிரச்சினை. முன்கூட்டி வலி வருகிற ஆபத்துள்ள பெண்ணுக்கு உச்சம் அடைவதும் மார்பைத் தூண்டுவதும்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லலாம். காரணம் தெரிந்தால்தான் எதற்கு விலகுகிறோம் என்பது புரியும், அணைத்துப் படுப்பதற்குக்கூடப் பயப்படுகிற நிலை வராது. சிக்கலே இல்லாத பெண்ணுக்கும் ‘முதல் மூணு மாசமும் கடைசி ரெண்டு மாசமும் வேண்டாம்’ என்று சொல்கிற வழக்கம் நம் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. அது முன்னெச்சரிக்கைப் பழக்கம். உங்கள் உடம்பில் அதற்குக் காரணம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாமியார் பக்கத்தில் இருந்தால்? ரத்த அழுத்தம் பார்க்கவும் எடை பார்க்கவும் நர்ஸ் தனியாகக் கூப்பிடும்போது, “சிஸ்டர், நாங்க ஒண்ணா இருக்கலாமுங்களா? டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?” என்று கேட்டால் போதும். அவர்களுக்கு இது தினமும் வருகிற கேள்விதான். ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நீட்டலாம். வீட்டுக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். முகம் தெரியாமல் பேசுவதுதான் வசதி என்றால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண் இருக்கிறது.

இரண்டு மனசும் ஒரு அறையும்

பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்று செக்கிங் பார்த்துவிட்டு, வீங்கிய காலோடு லைன் வீட்டுக்குத் திரும்புகிற பெண்ணுக்கு அன்றிரவு எதற்கும் தெம்பிருக்காது. ஒற்றை அறை, மறைவுக்கு ஒரு சேலைத் திரை, அந்தப் பக்கம் கொழுந்தன் படுத்திருப்பான். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடென்றால் கணவனுக்கு நைட் ஷிஃப்ட். இவர்களிடம் நிலைகளைப் பற்றியும் தலையணையைப் பற்றியும் மட்டும் பேசினால் போதாது. இந்த ஒன்பது மாதத்தில் உறவு என்பது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதுதான். கால் பிடித்துவிடுவது, முதுகில் எண்ணெய் தேய்ப்பது, வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் உதையைப் பார்ப்பது, முத்தம், பேச்சு. சிக்கல் உள்ள கர்ப்பத்திலும் இதற்கெல்லாம் தடையில்லை.

மனைவி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்டு நச்சரிப்பதோ, ‘அப்புறம் நான் வெளிய போயிடுவேன்’ என்று மிரட்டுவதோ பாசத்தில் சேராது. வற்புறுத்துவதும் அடிப்பதும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், மருத்துவமனையில் நர்ஸிடமும் சொல்லலாம்.

இதற்கு நேர்மாறாக, பயத்தில் மனைவியைத் தொடுவதையே நிறுத்திவிடுகிற கணவன்மார்களும் இருக்கிறார்கள். அவன் குழந்தைக்காகப் பயப்படுகிறான், அவளோ ‘குண்டாயிட்டேன், அதான் மாமாவுக்குப் புடிக்கலை’ என்று தலையணையில் முகம் புதைக்கிறாள். “எனக்குப் பயமா இருக்கு அம்மணி, உனக்கும் புள்ளைக்கும் ஏதாவது ஆயிருமோன்னு” என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் பாதி கனம் இறங்கிவிடும். அடுத்த பரிசோதனைக்கு அவனும் உள்ளே வரட்டும்.

நம் பக்கத்தில் ஏழு அல்லது ஒன்பதாம் மாதத்தில் கட்டுச்சோறு விருந்து நடக்கும். பெண் வீட்டார் கலந்த சோறு வகைகளைக் கட்டி எடுத்து வந்து, வளையல் போட்டு, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவளுக்கு அம்மா மடியில் நல்ல ஓய்வு கிடைக்கும். கணவனோ காங்கேயத்தில் தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பான். அந்தப் பிரிவைச் சரியாக நடத்திக்கொள்வது இருவர் கையிலும் இருக்கிறது. தினமும் பேசுவது, ஞாயிறன்று போய் வருவது, மாமனார் வீட்டில் அரை மணி நேரம் இருவரையும் தனியாக விடுவது. இதைப் பெரியவர்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

நோய்த்தொற்றும் எண்ணெயும்

கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றுகிற பால்வினை நோய் குழந்தைக்கும் போகும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு முதல் பரிசோதனையிலேயே ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். கணவனும் பரிசோதித்துக்கொண்டால் முழு நிம்மதி. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம் காப்பார்கள். இருவரில் யாருக்காவது தொற்று இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ கர்ப்பத்திலும் ஆணுறை வேண்டும். ‘இனிமேல்தான் கர்ப்பம் ஆக முடியாதே, எதுக்கு ஆணுறை’ என்பது தவறான கணக்கு. பிறப்புறுப்பில் கொப்புளம் வருகிற ஹெர்பிஸ், கடைசி மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தைக்கு மிக ஆபத்து.

வறட்சியாக இருந்தால் தேங்காய் எண்ணெயை எடுப்பது பொள்ளாச்சிச் சீமையில் இயல்பாக வருகிற பழக்கம். ஆனால் எண்ணெய் பட்டால் ஆணுறையின் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும். மருந்துக்கடையில் நீர் சேர்ந்த வழுவழுப்பு ஜெல் கிடைக்கும், ஆணுறையோடு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுவது சிறுநீர்த் தொற்றைக் குறைக்க உதவும். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், வெளியே கழுவினால் போதும்.

உடனே போக வேண்டியது எப்போது

மாதவிலக்கு போல ரத்தம் போனால், கட்டுப்படுத்த முடியாமல் நீர் ஒழுகினால், வயிறு விட்டு விட்டு இறுகுவது ஒரு மணி நேரம் ஆகியும் அடங்காவிட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். நாப்கின் வைத்துக்கொண்டு போனால் எவ்வளவு ரத்தம் போனது என்று டாக்டருக்குத் தெரியும். பரிசோதனை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரத்த வகை நெகட்டிவ் என்று இருந்தால் போனதுமே சொல்லுங்கள். ரத்தப்போக்குக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். உறவுக்குப் பிறகு இது வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டருக்கு அது ஒரு தகவல், யாரும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். தையல் ஆறி, ரத்தப்போக்கு நின்று, மனைவிக்கு விருப்பம் வந்த பிறகுதான். ஆறு வாரப் பரிசோதனை முடியட்டும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். சிசேரியன் என்றாலும் இதே கணக்குதான். தாய்ப்பால் கொடுக்கிறோம், இன்னும் மாதவிலக்கு வரவில்லை என்று நம்பி அடுத்த கர்ப்பத்தோடு வருகிறவர்கள் நிறைய, ஏனென்றால் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் உடம்பு தேற, அடுத்த கரு தரிக்கக் குறைந்தது இரண்டு வருஷமாவது போகட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் போட்டுக்கொள்ளும் வசதி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று வலி எடுத்துக் கிடக்கும்போது முடிவு செய்ய முடியாது. ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் இருவரும் சேர்ந்து போய்க் கேட்டுவிடுங்கள்.